பதின்மூன்றாம் சுரமும் என் நாலு விரல்களும்

என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்ட கேள்வி முழுதாக விளங்குவதற்கு முன்பே "ஓம்" என்று சொல்லிவிடுவார். படகோட்டுகிறவருக்கு அது நல்ல பழக்கம்தான். விடிகாலையில் கற்பிட்டிக் கடலுக்குள் அழைத்துப்போகும் வெள்ளைக்காரர்கள் "டொல்பின் வருமா?" என்று கேட்டால் வேறு என்ன சொல்வது? வீட்டில்தான் அந்தப் பழக்கத்தால் சிக்கல்.

செப்டெம்பர் மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் வந்து, சாப்பிட உட்கார்ந்து, கறியைப் பிசைந்தபடி சொன்னார்.

"டிசம்பரில ஹோட்டல்ல ஒரு டின்னராம். சீசன் தொடங்குற நாள். மெதுவா ஜாஸ் வாசிக்க ஆள் வேணுமாம். மனேஜர் என்னட்டக் கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எங்கட மனுசி வாசிப்பா எண்டு சொல்லிப்போட்டன்."

நான் கறிச்சட்டியை மேசையில் வைத்தேன்.

"ஜாஸ் எண்டா என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"கிற்றார்தானே? நீர் கோயில்ல பதினைஞ்சு வருசமா வாசிக்கிறீர். அதைக் கொஞ்சம் ஆறுதலா வாசிச்சா ஜாஸ்."

அந்த ஹோட்டல் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடுகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது. ஓலைக் கூரை, மணலில் மேசைகள். என் கணவரின் படகுக்கு ஆட்களை அனுப்புகிறதும் அதே ஹோட்டல்தான். மனேஜரிடம் போய் "என் மனுசிக்குத் தெரியாதாம்" என்று சொல்ல அவருக்கு முகம் இல்லை. அவரை அப்படிச் சொல்லவைக்க எனக்கும் மனம் வரவில்லை. அதோடு, ஒளிக்காமல் சொன்னால், எனக்கும் ஆசை. பதினைந்து வருடமாக ஞாயிறு தோறும் கத்தோலிக்கக் கோயில் பூசையில் ஆறு கோட்ஸை, அதாவது சுரங்களைச் சேர்த்தடிக்கும் ஆறு பிடிகளை, வைத்து ஆண்டவரைத் துதித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆறில் எஃப் என்பது பாதிதான் கேட்கும்.

நான் குடும்பநல உத்தியோகத்தர். ஊர் வழக்கில் மிட்வைஃப். கண்டக்குளிப் பக்கம் வீடு வீடாக ஸ்கூட்டியில் போய், கர்ப்பிணிகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தைகளை நிறுத்து, அட்டையில் எழுதுவது என் வேலை. அரசாங்க வேலை என்பதால் ஹோட்டலில் சம்பளம் வாங்க முடியாது. குடும்பத்துக்கு இரவுச் சாப்பாடு என்று பேச்சு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் குடும்பம் என்றால் இரண்டு பேர்தான்.

கைத்தொலைபேசியில் பாடம் தேடினேன். தாடி வைத்த ஒரு வெளிநாட்டுக்காரர் கிடைத்தார். ஒவ்வொரு பாடத்தையும் "இது மிகச் சுலபம்" என்று சிரித்துக்கொண்டுதான் தொடங்குவார். முதல் பாடம் உண்மையிலேயே சுலபமாக இருந்தது. சாதாரண சி கோட்டைப் பிடித்துக்கொண்டு, ஆட்காட்டி விரலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். எடுத்தேன். கிற்றாரிலிருந்து, மழை விட்ட பிறகு களப்புத் தண்ணீர்ப் பக்கம் பார்த்தால் ஒரு வெளிச்சம் வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பெயர் மேஜர் செவன். பதினைந்து வருடமாக நான் விடாமல் அழுத்திய விரல்தான் அந்தச் சத்தத்தை மறித்துக்கொண்டிருந்தது.

"பாரும், வந்திட்டுது," என்றார் கணவர். அவரைப் பொறுத்தவரை ஜாஸ் முடிந்துவிட்டது. போய்ப் படுத்துவிட்டார்.

இரண்டாம் பாடம் 'ஒன்பதாவது' என்ற கோட். அதில் மோதிர விரல் ஒன்றே மூன்று கம்பியின்மேல் குப்புறப் படுக்க வேண்டும். என் மோதிர விரல் அப்படிப் படுக்கிற சாதி இல்லை. நடுவில் வளைந்து எழும்பிவிடும். ஸ்கூட்டியில் போகும்போது கைபிடியில் அந்த விரலைப் படுக்கவைத்துப் பழகினேன். அப்படிப் பழகிய ஒரு நாள் கொய்யாத்தோட்டம் ஒன்றின் வேலிக்குள் போய் நின்றேன். தோட்டக்காரர் ஓடி வந்து, "மிஸ், இஞ்ச ஒருத்தரும் கர்ப்பமா இல்லையே," என்றார்.

பதின்மூன்றாவதில்தான் எனக்கு நம்பிக்கையே ஆட்டம் கண்டது. இருப்பது ஏழு சுரம். பதின்மூன்று எங்கிருந்து வந்தது? இதைக் கணவருக்கு விளங்கப்படுத்தப்போய்த்தான் எனக்கே விளங்கியது. குசினி மேசையில் அவர் விரல்விட்டு எண்ணினார்.

"தோ, ரே, மி, ஃபா, சோ, லா, தி. ஏழு. எட்டு திரும்ப தோ. ஒன்பது ரே. பத்து மி…" பதின்மூன்றில் வந்து நின்றார். "இது லாதானே? லா எண்டா ஆறெல்லோ?"

"ஓம். ஆனா மேல்மாடி லா. கீழ்வீட்டில இருந்தா ஆறு. மேல்மாடியில இருந்தா பதின்மூண்டு."

"ஆள் ஒண்டுதான்?"

"ஆள் ஒண்டுதான்."

"அப்ப ஏன் உமக்கு இவ்வளவு கஷ்டம்?"

கஷ்டம் என்னவென்றால், புத்தகப்படி அந்தக் கோட்டில் ஏழு சுரமும் இருக்க வேண்டும். கிற்றாரில் கம்பி ஆறு. என் இடக்கையில் கம்பியை அழுத்தக்கூடிய விரல் நாலு. தாடிக்காரர் இதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் தன் நீள விரல்களை விரித்து "மிகச் சுலபம்" என்றார். நான் விரித்தேன். சுண்டு விரல் பத்தாம் கட்டத்துக்கு ஒரு நெல்லளவு குறைவாக நின்றது. அடித்தால் பலகையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வேலிக்கு அடுத்த பக்கம் ஒரு தையற்காரி இருக்கிறார். என்னிலும் நாலைந்து வயது மூத்தவர். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு துணி மூட்டையோடு உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை அவர். நானும் யாழ்ப்பாணத்திலிருந்து கைக்குழந்தையாக இந்தக் கரைக்கு வந்தவள்தான். அவரை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். அவருடைய மூன்று பிள்ளைகளையும் நிறுத்து அட்டை போட்டவள் நான் என்பதால் அவர் என்னை மிஸ் என்றுதான் அழைப்பார். அவருடைய தையல் மெஷின் வேலிக்கு அருகிலுள்ள யன்னலோரம் இருந்தது. பின்னேரங்களில் நான் பழகும்போது அந்த மெஷின் 'தடதட' என்று ஒரே தாளத்தில் ஓடும். அதையே தாளமாக வைத்து வாசித்தேன். துணியைத் திருப்புவதற்கு அவர் நிறுத்தும் போதெல்லாம் நானும் நடுவழியில் நிற்பேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் இருவரும் நிறுத்துவோம்.

ஒரு வாரம் பொறுத்திருந்துவிட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"மிஸ், குறை நினைக்க வேணாம். உங்கட பாட்டுப்பெட்டி பழுதாப் போச்சா?"

"இல்ல ராத்தா, இது புது விதமான வாசிப்பு."

"எனக்குப் பாட்டுக் கேக்குற பழக்கமில்ல. ஆனா காதைப் பொத்திட்டுத் தைக்க ஏலாதே. மூணாவதா ஒரு சத்தம் வருது பாருங்க, அதுல ஒண்டு மட்டும் அழுவுது. மத்ததெல்லாம் சிரிக்கிது."

திரும்பிப் போய்ப் பார்த்தேன். நான் இரண்டாம் கம்பியை ஒரு கட்டம் கீழே பிடித்திருந்தேன். பாட்டே கேட்காத அந்தக் காது, அதற்குப் பிறகு எனக்குத் தாடிக்காரரைவிடப் பெரிய வாத்தியாராகிவிட்டது. "இப்ப அழுவல்ல," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தால்தான் நான் அடுத்த கோட்டுக்குப் போவேன்.

ஒக்டோபர் நடுவில் இரண்டு காரியம் நடந்தது. என் இடக்கை விரல் நுனிகள் காய்த்துப்போயின. கிளினிக்கில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் வயிற்றில் கையை வைத்தேன். அவள் துள்ளினாள்.

"அல்லாவே! மிஸ்ட விரல் சுறாத்தோல் மாதிரி இரிக்கிது."

அன்று முதல் வலக்கையால் மட்டும் தொட்டுப் பார்த்தேன். கொஞ்ச நாளில் ஒரு தாய் என் மேலதிகாரியிடம், மிஸ்ஸுக்கு ஒரு கை விளங்காமல் போய்விட்டதா என்று கவலையோடு விசாரித்திருக்கிறாள்.

மற்றது என் மச்சாளின் வருகை. கணவரின் அக்கா அவர், புத்தளம் பட்டினத்தில் இருக்கிறார். தம்பியோடு தொலைபேசியில் கதைக்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது. ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் அழைக்க, என் கணவர் வழக்கம்போல உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் மச்சாள் வந்து இறங்கினார். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு பை. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார்.

"பிள்ளை, ஒண்டுக்கும் பயப்பிடாதை. எனக்குத் தெரிஞ்ச நல்ல சட்டத்தரணி ஒராள் இருக்கிறார்."

"என்னத்துக்கு மச்சாள்?"

"ஏன் மறைக்கிறாய்? தம்பி எல்லாம் சொல்லிப்போட்டான். இவ கோட்ஸ் கோட்ஸ் எண்டு நிக்கிறா, சமையலும் இல்லை, ஒன்பதாவது ஒரு மாதிரி முடிஞ்சுது, பதின்மூண்டாவதுதான் கையை முறிக்குதாம் எண்டு. பதின்மூண்டு கோட்ஸில வழக்கு வைக்கிற அளவுக்கு நீ ஆருக்கு என்ன செய்தனி?"

ஊரில் நீதிமன்றத்துக்கும் கோட்ஸ் என்றுதான் பெயர். நான் கிற்றாரை எடுத்து வந்து என் கோட்ஸை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினேன். மச்சாள் கதிரையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். முகம் தெளியவே இல்லை.

"வழக்கெண்டால் ஒரு நாளைக்கு முடியும்," என்றார் கடைசியில்.

நவம்பரில் எனக்குத் துணிவு கூடிவிட்டது. புதிதாக ஒன்றைப் பழகியவரால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காணிக்கைப் பாட்டின் கடைசிக் கோட்டை எப்போதும்போல வெறும் சி ஆக முடிக்காமல், மேஜர் ஒன்பதாக முடித்தேன். எனக்கு அது மிக அழகாகக் கேட்டது. பாடகர் குழுவுக்குப் பாட்டு முடிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பெண்கள் பக்கம் இரண்டு பேர் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவர் இல்லாத நாலாவது சரணத்தைத் தொடங்கி, வார்த்தை கிடைக்காமல் முதலாவதையே மறுபடி பாடினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். திரும்பவும் கடைசிக்கு வந்தபோது என் விரல்கள் பயத்தில் அதே ஒன்பதாவதில் போய் நின்றன. மூன்றாம் முறை பாடினோம். பீடத்தில் பூசை செய்துகொண்டிருந்த சுவாமி கையை விரித்தபடி நின்றார். பின்வரிசையில் அடிக்குரல் பாடும் என் கணவர் மட்டும், இது முன்னரே பேசிவைத்தது என்று நினைத்து, உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து சுவாமி என்னைக் கூப்பிட்டார்.

"மகள், நல்லாத்தான் இருந்தது. ஆனா அந்தப் பாட்டு முடிஞ்சுதோ இல்லையோ எண்டு ஆண்டவருக்கே சந்தேகம் வந்திருக்கும். கோயில்ல முடிக்கிறதை முடிச்சுப்போடு. ஹோட்டல்ல போய்த் தொங்கவிடு."

ஹோட்டல் விசயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த அவமானத்தோடு, இது எனக்குச் சரிவராது, மனேஜரிடம் போய்ச் சொல்லிவிடுவோம் என்று கணவரை இழுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். மனேஜர் இல்லை. சமையற்காரர்தான் இருந்தார். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர். ஐம்பது வயதிருக்கும். குசினிக் கதவோரம் சாக்கால் மூடிய பெரிய கிற்றார் ஒன்று நின்றது. நாலே கம்பி. அது என்னவென்று கேட்டபோதுதான் அவருடைய கதை வெளிவந்தது. இளமையில் கலியாண வீடுகளில் பைலா என்ற துள்ளாட்டப் பாட்டுக் குழுவோடு பேஸ் என்ற இந்த அடிச்சத்தக் கிற்றாரை வாசித்தவர். பிறகு வளைகுடா நாட்டு ஹோட்டல் ஒன்றில் பத்து வருடம் சமைத்திருக்கிறார். அங்கே ஒவ்வொரு வெள்ளியும் ஜாஸ் குழு வரும். பேஸ்காரர் வராத நாட்களில் இவரை ஏப்ரனோடு மேடையில் ஏற்றிவிடுவார்கள்.

"வாசிங்க அக்கே, பாப்பம்," என்றார்.

நான் பதின்மூன்றாவதைப் பிடித்துக் காட்டினேன். பிடிக்கவே அரை நிமிடம் போனது. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஐயோ அக்கே, எல்லாம் போட வேணாம். ஒரே சட்டியில இறால், நண்டு, கணவாய், கருவாடு எல்லாம் போட்டா என்ன கறி? அடிச் சத்தம் நான் போடுறது. நீங்க அத விடுங்க. அஞ்சாவதும் விடுங்க, யாருக்கும் தெரியாது. மூணு கம்பி போதும். ஹரியா?"

என் விரல்களை அவரே ஒன்றொன்றாக எடுத்து வைத்தார். நடுவிலுள்ள மூன்று கம்பிகளில் மட்டும் மூன்று விரல். அவர் தன் பேஸில் 'ரே' என்று ஒரு சத்தம் போட்டார். நான் தொட்டேன். அடுத்து அவர் 'சோ' போட்டார். நான் ஒரே ஒரு விரலை ஒரே ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்தேன். அவ்வளவுதான். இரண்டு மாதமாக நான் தாவித் தாவிப் பிடிக்கப் பார்த்த பதின்மூன்றாவது, மேல்மாடி லாவோடு, என் கைக்குள் இருந்தது. பிறகு 'தோ'. நான் ஒன்பதாவதில் போய் இறங்கினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் அதைப் பார்த்து, "வெங்காயம் வெட்டினவையோ இஞ்ச?" என்று கேட்டார்.

வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பினோம்.

அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையிலுள்ள நேரத்தில், கிழமைக்கு இரண்டு நாள், அவர் மோட்டார் சைக்கிளில் பேஸைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். ஐந்து பாட்டுத் தயாரித்தோம். இரண்டு, பழைய பைலாப் பாட்டுகளை ஆறப்போட்டது. ஒன்று கிறிஸ்மஸ் கீதம். மற்ற இரண்டும் அவர் வளைகுடாவில் கேட்டுப் பாதி மறந்தவை. மெட்டின் முக்கியமான இடங்களை நான் மேல் கம்பியில் தொட்டுக் காட்டுவேன். மிச்சத்தைக் கேட்கிறவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியது.

ராத்தா ஒரு நாள் வேலியடிக்கு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"அவர் வாற நாளையில நல்லா இரிக்கிது மிஸ். நான் ரெண்டு சட்டை கூடத் தைக்கிறேன். அவர் வராத நாளையில உங்கட பாட்டுக்குக் கால் இல்ல. அந்தரத்துல நிக்கிது."

"அவர் வருவார் ராத்தா, டின்னர் அண்டைக்கு அவரும் நானும்தான்."

டிசம்பர் வந்தது. ராத்தா தைத்துத் தந்த நீலச் சட்டையோடு நான் போனேன். கணவர் கலியாணத்துக்குத் தைத்த காற்சட்டையைப் போட்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவரால் நிற்க முடிந்தது, உட்கார முடியவில்லை. சூரியன் கடலுக்குள் இறங்கும் நேரம். மணலில் பத்துப் பன்னிரண்டு மேசைகள், விளக்குகள், வெயிலில் சிவந்த வெள்ளைக்காரர்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பமும் இருந்தது. காற்று மெனு அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போக, பரிமாறுகிறவர்கள் அவற்றின் பின்னால் ஓடினார்கள்.

சமையற்காரர் வேலையை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, தலையைப் படிய வாரி, பேஸோடு வந்து பக்கத்தில் நின்றார். தொடங்கினோம். முதல் பாட்டு போனது. இரண்டாவதும் போனது. நாலைந்து பேர் கைதட்டினார்கள். பைலாவை ஆறப்போட்டதைக் கொழும்புக் குடும்பத்துப் பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். காலால் தாளம் போட்டபடி, எங்கே கேட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மூன்றாவதைத் தொடங்கும்போது குசினிப் பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்து சமையற்காரரின் காதில் ஏதோ சொன்னாள். உதவியாளர் கையைச் சுட்டுக்கொண்டாராம். அடுப்பில் நாற்பது கணவாய்.

"அஞ்சு நிமிசம் அக்கே," என்று பேஸை மணலில் சாய்த்துவிட்டு ஓடினார்.

நான் தனியே நின்றேன். வாசித்தேன். நான் பழகியிருந்த எல்லாம் அடிச் சத்தத்தை அவருக்கு விட்டுவிட்ட மூன்று கம்பிக் கோட்ஸ். அவர் இல்லாமல் அவை காற்றில் எங்கோ போயின. தாடிக்காரரின் முழுக் கோட்டைப் பிடிக்கப் பார்த்தேன். சுண்டு விரல் அதே நெல்லளவு குறைவாக நின்றது. திரும்ப மூன்று கம்பிக்கே வந்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மேசைகளில் பேச்சு கூடியது. மனேஜர் மெல்ல நடந்து வந்து, குனிந்து, மிக மரியாதையாகக் கேட்டார்.

"மிஸ், சுதி சேர்த்து முடிஞ்சுதா? தொடங்குவோமா?"

எனக்கு மணலுக்குள் புதைந்துவிட்டால் போதும் என்றிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். தென்னை மரத்தில் சாய்ந்து, காற்சட்டையின் உபகாரத்தால் நின்றபடி, என் கணவர் குசினியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் யோசனையும் சேர்ந்து வந்தது.

"இஞ்சாருங்கோ! இஞ்ச வாங்கோ."

வந்தார். "என்ன, சாப்பாடு தயாரோ?"

"ரே எண்டு பிடியுங்கோ. கோயில்ல பிடிக்கிற அடிக்குரல்ல."

"இஞ்சயோ? இவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ?"

"நீங்கள்தானே ஓம் எண்டு சொன்னனீங்கள்? பிடியுங்கோ."

அவர் தொண்டையைச் செருமினார். கைகளை முன்னால் கட்டிக்கொண்டார், பூசையில் நிற்பதுபோல. பிறகு, அலைக்கு மேலால் அடுத்த படகைக் கூப்பிடுகிற அந்த நெஞ்சிலிருந்து, "தூ…ம்" என்று ஒரு ரே வந்தது. பக்கத்து மேசையில் ஒருவரின் கரண்டி விழுந்தது. நான் என் மூன்று கம்பியைத் தொட்டேன். சத்தம் நிலத்தில் காலூன்றி நின்றது. "சோ," என்றேன் மெல்ல. அவர் சோவுக்கு இறங்கினார். நான் ஒரு விரலை நகர்த்தினேன். "தோ." இறங்கினார். அந்தத் தோவில் அவர் நின்ற நிலையைக் கண்டு சிவந்த முகத்துப் பெண்ணொருத்தி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

முதலாம் சுற்றில் என் வாயைப் பார்த்தே ஒவ்வொரு சுரத்துக்கும் போனார். இரண்டாம் சுற்றில் நான் சொல்லாமலே அடுத்த சுரத்துக்குப் போனார். மூன்றாம் சுற்றில் 'தூம்' போதவில்லை என்று 'தூம் தத் தூம்' ஆக்கினார். நாலாம் சுற்றில் ஒரு காலையும் சேர்த்தார். காற்சட்டை எங்கோ ஒரு இடத்தில் 'டர்' என்றது. அவர் நிறுத்தவில்லை. பின்னுக்கு நகர்ந்து மரத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டார், அவ்வளவுதான். மேசைகளில் பேச்சு நின்றுவிட்டது. கிறிஸ்மஸ் கீதம் வந்தபோது இரண்டு மூன்று பேர் தங்கள் பாஷையில் சேர்ந்து பாடினார்கள். மிச்சமிருந்த பாட்டுகளை முடித்துவிட்டு, கேட்டவர்களுக்காக முதல் இரண்டையும் திரும்ப வாசித்தோம். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் நாட்டில் இது ஒரு பாரம்பரிய வாசிப்பா என்று ஒருவர் மனேஜரிடம் கேட்டார். மனேஜர் யோசிக்காமல் ஆமென்று சொல்லிவிட்டார்.

கடைசிப் பாட்டின்போது சமையற்காரர் குசினி வாசலில் நிற்பதைக் கண்டேன். கையில் இடுக்கி. முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அவ்வளவு பெரிய சிரிப்பு இல்லை.

சாப்பிடும்போது அவர் எங்கள் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, உங்க சோ கொஞ்சம் கீழ போகுது," என்றார்.

"உங்கட கணவாய் கொஞ்சம் கருகிப்போச்சு," என்றார் என் கணவர்.



அடுத்த நாள் காலை படகில் ஏறியவர்கள் டொல்பின் தேடவில்லையாம். தூம் போடச் சொல்லிக் கேட்டார்களாம். இவர் போட்டிருக்கிறார். அன்றைக்குப் பார்த்து டொல்பினும் நிறைய வந்ததாம். அதற்குப் பிறகு இவரைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் குளிக்கும்போது, வலை காயப்போடும்போது, சோறு போடக் காத்திருக்கும்போது, ரே, சோ, தோ. ராத்தா வேலியடியில், "மிஸ், இப்ப காலாலயே வீடு நிறைஞ்சு போச்சு," என்றார்.

அந்த சீசனில் இன்னும் மூன்று முறை ஹோட்டலில் வாசித்தோம். முதல் இரண்டு முறையும் அடிச் சத்தத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். பேஸில் ஒருவர், நெஞ்சில் ஒருவர். ஒருவர் ஒரு சுரத்துக்கு மெதுவாகப் போனால் மற்றவர் முந்திப் போய்க் காத்திருப்பார். நடுவில் நின்ற நான், மூன்று விரலால் இருவருக்கும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை, முதல் பாட்டு முடிந்ததும் சமையற்காரர் பேஸைக் கழற்றி சாக்குக்குள் வைத்தார். என் கணவரின் தோளில் கையைப் போட்டார்.

"அண்ணே, நீங்க தூம் போடுங்க. நான் போய்ச் சமைக்கிறேன்."

கோபமாகச் சொன்னாரோ, மனம் விட்டுச் சொன்னாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் போனவர் இறாலை எடுத்துக்கொண்டு ஏதோ செய்திருக்கிறார். தட்டுகள் வெளியே வந்ததும் மேசை மேசையாக எங்கள் பக்கம் முதுகைத் திருப்பினார்கள். நாங்கள் மூன்று பாட்டு வாசித்தோம். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த பாட்டின் நடுவில் என் கணவரின் குரல் தடுமாறியது. திரும்பிப் பார்த்தால், அவருடைய கண்ணும் ஒரு தட்டின் மேல்தான் இருந்தது.

"முடிப்பமோ?" என்றார்.

வெறும் சி கோட்டைப் பிடித்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.